மார்கேசாவின் இரண்டாம் சுற்று

வில்மாரின் மகள் என் மாட்டுக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். அது நேராக அவள் அப்பனின் லாரிக்குப் போனது. அங்கே ஒரு நொடி நின்றது, திரும்பி வந்தது. அப்புறம்தான் "காலி" என்றாள்.

பத்து மாட்டில் இது நாலாவது காலி. முப்பத்தோரு மாடு வைத்திருக்கிறேன். எந்த வருஷத்திலும் மொத்த மந்தைக்கே நாலைந்து மாடுதான் சினை பிடிக்காமல் போகும். இன்றைக்கு பத்துக்குள்ளேயே நாலு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? என் கணவர் ஓமாருக்கு வராது. அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். மாடுகள் ஒவ்வொன்றாக நுழையும் கட்டைச் சந்தின் தலைமாட்டில் நின்று, காது வில்லையின் எண்ணை வாசித்துக் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. பின்பக்கம் நின்று வாலை ஒதுக்கிப் பிடிப்பதும், அவள் சொல்வதைத் தாளில் எழுதுவதும், காலி என்றால் வால் குஞ்சத்தைக் கத்தரிப்பதும் என் வேலை. வால் மொட்டையானால் அந்த மாடு இடப்பக்கக் கதவு வழியாக லாரிக்குப் போகும். லாரியிலிருந்து கசாப்புக்கு. சினை மாடு வலப்பக்கம், புல்வெளிக்கு. எங்கள் ஊரில் எல்லாப் பண்ணையிலும் இதுதான் வழக்கம்.

"வறட்சிடி கிழவி," என்றார் ஓமார், நான் கேட்காமலே. "புல்லு இல்லாம எங்கேர்ந்து சினை நிக்கும்?"

"உங்கிட்ட கேட்டேனா?"

வறட்சி எனக்குத் தெரியாதா? டிசம்பரிலிருந்து ஓடை வெறும் கல்லாகக் கிடக்கிறது. ஏப்ரல் பாதி போய்விட்டது. எங்கள் பக்கம் ஜூனில் குளிர்காலம், அது வந்தால் இருக்கிற புல்லும் கருகிப்போகும். வயிற்றில் கன்று இல்லாத மாட்டுக்கு இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் ஒரு வாய்ப் புல் கிடையாது. அதனால்தான் சினை பார்க்க ஆள் தேடினேன். வழக்கமாக வருகிற டாக்டர் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது வில்மார் வந்து வேலியில் சாய்ந்துகொண்டான். "நம்ம யாமிலா மாட்டு டாக்டர் படிப்புல கடைசி வருஷம், தோன்யா ஸுல்மா. முன்னூறு மாடு கைவிட்டுப் பார்த்துக் காட்டணுமாம். சும்மா வந்து பார்த்துக் கொடுப்பா. உங்களுக்கும் வேலை ஆச்சு, அவளுக்கும் ஆச்சு." என் பெயருக்கு முன்னால் மரியாதைக்குத் தோன்யா போடத் தவறமாட்டான். சொல்லிவிட்டு, மேய்ச்சலில் நின்ற என் கிழட்டு மாட்டைப் பார்த்து, "மார்கேசாவுக்கு வயசாயிடுச்சு இல்ல? பாவம், இந்த வருஷம் நிக்குமோ என்னவோ. நிக்கலைன்னா மொதல்ல எனக்குச் சொல்லுங்க" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கழிவு மாடு வாங்கிக் கசாப்புக்கு ஓட்டுகிறவன் வில்மார். அவன் மகள் காலி என்று சொல்கிற ஒவ்வொரு மாடும் அவன் லாரியில்தான் ஏறும். இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படிக்க வேண்டியதில்லை.

யாமிலாவைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குட்டையான பெண், இருபத்தொன்பது வயது. தாக்குவாரெம்போ நகரத்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷமாகப் படிக்கிறாள். இருநூற்று எழுபத்திரண்டு மாடு பார்த்துவிட்டாளாம். என் மாடுகளோடு முன்னூறு தாண்டிவிடும், திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. பார்த்த மாடுகளை நான் எழுதுகிற அந்தத் தாளில் மாட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தப்புவரை பொறுப்பார்கள், நாலாவது தப்பு வந்தால் முன்னூறையும் அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தப்பு இருந்தது. பரீட்சைக்கு முன்னால், வியாழக்கிழமை, ஒரு பேராசிரியர் ஸ்கேன் பெட்டியோடு ஏதாவது ஒரு பண்ணைக்குத் திடீரென்று வருவாராம். தாளில் இருப்பதும் மாட்டுக்குள் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் அவளேதான் காலையில் சொன்னாள், கேட்காமலே. கேட்காமல் விவரம் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பதின்மூன்றாவதாக மார்கேசா வந்தாள். ஒன்பது வருஷத்தில் ஒன்பது கன்று போட்டவள். ஜமீன்தாரிணி மாதிரி நடப்பாள், கட்டைச் சந்துக்குள்கூட யாரும் தள்ளாமல் தானே நுழைவாள். மற்றவற்றுக்கு நான் பெயர் வைத்ததில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மற்றவற்றைப் பெயர் சொல்லித் தவிட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

யாமிலா கையை விட்டாள். கன்னத்தை மாட்டின் பிட்டத்தில் ஒட்டவைத்து, குதிகாலை உயர்த்தி, எட்டி எட்டித் தேடினாள். நெடுநேரம் ஆயிற்று. மறுபடியும் அந்தக் கண் லாரிப் பக்கம் போனது. அங்கே வில்மார் மட்கார்டில் உட்கார்ந்து, எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலி," என்றாள்.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன் தோன்யா ஸுல்மா. எதுவும் கைக்குத் தட்டுப்படலை."

என்னிடம் ஒரு சட்டம் உண்டு: காலி என்றால் போக வேண்டும், எவளாக இருந்தாலும். அந்தச் சட்டத்தைத்தான் வில்மார் நம்பியிருக்கிறான் என்று தோன்றியது. தாளில் 'காலி' என்று எழுதினேன். கத்தரியை எடுத்தேன். அவள் கையுறையை உரித்துக்கொண்டு திரும்பி நின்றாள். நான் காற்றைக் கத்தரித்தேன், குஞ்சம் அப்படியே இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார் ஓமார்.

"வலப்பக்கம்."

"காலின்னு காதுல விழுந்துச்சே!" என்று லாரியிலிருந்து குரல் வந்தது.

"என் மாடு, என் கதவு. உன் காதை நீயே வெச்சுக்கோ," என்றேன்.

கொஞ்ச நேரம் மாத்தே குடிக்கலாம் என்று சொல்லி வேலையை நிறுத்தினேன். ஓமார் குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தார். வில்மாரும் வந்து சேர்ந்துகொண்டான். திங்கட்கிழமைக்கு ஐந்து டஜன் முட்டை எடுத்து வைத்திருக்கிறானாம், பாதி அழுகலாம். பட்டம் வாங்கின அன்று சுற்றி நின்று முட்டையாலும் மாவாலும் அடித்து அபிஷேகம் பண்ணிவிடுவார்கள் இங்கே, அது வழக்கம். "சாலைபூரா இவதான் டாக்டருன்னு தெரியணும். ரெண்டு நாளைக்கு நாத்தம் போகக் கூடாது" என்று சிரித்தான். யாமிலா சிரிக்கவில்லை. உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நான் தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு புல்வெளிப் பக்கம் போனேன். மார்கேசா தவிட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் வருவாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அவளுடைய வெள்ளை முகத்தில் பூசினேன். கழுத்தின் வெள்ளையிலும் பூசினேன். பிறகு கம்பிக் கதவு வழியாக, இன்னும் பார்க்காத மாடுகளோடு சேர்த்துவிட்டேன். என் கணக்கு எளிது. அதே மாட்டை அதே பெண்ணிடம் இன்னொரு தடவை விடுவேன். அப்பன் கண் வைக்காத வேறு மாடு என்று நினைத்து உண்மையைச் சொல்லுவாள். 'சினை' என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரட்டும், அப்பனையும் மகளையும் லாரியோடு சேர்த்து ஊர்ப் பொதுவழியில் நிறுத்துகிறேனா இல்லையா பார்.

மறுபடி வேலை தொடங்கியது. இரண்டு மாடு போனபின் மூன்றாவதாகச் சேற்று முகத்தோடு மார்கேசா, அவளுக்கே உரிய நடையில். ஓமார் காது வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் ஓர் இருமல்தான் வந்தது.

"எண் என்ன?" என்றேன்.

"எழுநூத்தி... எழுநூத்திச் சொச்சம்," என்றார் அந்த மனிதர். நாற்பது வருஷம் என்னோடு வாழ்ந்தும் ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

நல்லவேளையாக யாமிலா அதைக் கவனிக்கவில்லை. கை உள்ளே போயிருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சமயம் அவள் புருவம் சுருங்கியது. கை நின்றது. பின்னால் வந்து, மறுபடி உள்ளே போனது. பிறகு மெல்ல உருவி எடுத்துவிட்டாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைமாட்டுக்கு நடந்தாள். மார்கேசாவின் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்தாள். சேறு விலகி வெள்ளை தெரிந்தது.

ஓமார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி.

"இடுப்பெலும்புல வலப்பக்கம் ஒரு முண்டு இருக்கு," என்றாள் யாமிலா. "அரைமணி நேரத்துக்கு முன்னாடி இதே முண்டு என் மணிக்கட்டுல இடிச்சுது."

ஐந்தாவது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டபோது ஓமாரும் நானும் கயிறு கட்டி இழுத்தோம். அதில் வந்த முண்டு. அது எங்கள் இருவருக்கும் மார்கேசாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு முகம் சூடேறியது. அறுபத்திரண்டு வயதில் சேற்றுக் கையோடு ஒரு சின்னப் பெண் முன்னால் பிடிபட்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் வெட்கம் எனக்கு நெடுநேரம் நிற்காது.

"சரி, நான்தான் விட்டேன். உன்மேல நம்பிக்கை இல்லை, அதனால விட்டேன். இப்ப சொல்லு. காலியா, சினையா?"

அவள் என்னைக் கோபித்துக்கொள்வாள், தாளைக் கிழித்துக்கொண்டு போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலை," என்றாள்.

"தெரியலைன்னா?"

"மொதல்ல காலின்னு சொன்னது தப்பா இருக்கலாம். கருப்பையோட வாய் நல்லா முன்னால இழுத்துக்கிட்டு, விறைப்பா இருக்கு. சும்மா இருக்கிற கருப்பை அப்படி இழுக்காது. நிறையக் கன்னு போட்ட மாட்டுக்குச் சினை நாலு மாசமானா, கனத்துல எல்லாம் எலும்பு விளிம்பைத் தாண்டி வயித்துக்குள்ள சரிஞ்சுடும். எட்டினாத்தான் தெரியும். எட்டலைன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்." சொல்லிவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டினாள். "எனக்கு எட்டலை."

"மொதல் தடவையே இது தெரிஞ்சுதா?"

"ஏதோ உறுத்துச்சு. அப்பா பார்த்துக்கிட்டே இருந்தாரு. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

இதற்குள் வில்மார் வந்துவிட்டான். "என்ன யோசனை? காலின்னா காலி. தாள்ல எழுதியாச்சு. ஏத்துங்க, வெயில் ஏறுது."

"எதுக்குடா இவ்வளவு அவசரம் உனக்கு? என் மாட்டு மேல உனக்கு என்ன கண்ணு?" என்று கத்தினேன்.

"உங்க மாடு யாருக்கு வேணும்?" என்று அவனும் கத்தினான். குரல் உடைந்திருந்தது. "தோண்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? ஒம்பது வருஷம், தோன்யா! ஒம்பது வருஷம் மாவு பிசைஞ்சா என் பொண்ணு!"

காலையிலிருந்து அவன் மட்கார்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது என் மாடுகளை இல்லையா, மகளின் தப்புகளையா? எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாதி வந்தது. மீதிப் பாதி, இதுவும் ஒரு நாடகமோ என்று ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, நீங்க லாரிக்குப் போங்க," என்றாள் யாமிலா. என் பக்கம் திரும்பி, "உங்க கை நீளம் தோன்யா ஸுல்மா. காலையிலேயே பார்த்தேன். நீங்க விட்டுப் பாருங்க" என்றாள்.

நாற்பது வருஷம் மாடு வைத்திருக்கிறேன், எத்தனையோ டாக்டர் வந்து கைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவையாவது நீ பார் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவர்கள் சொல்வதைச் சந்தேகப்படுவது மட்டும்தான் என் பங்கு. அவள் புதுக் கையுறையை என் தோள்வரை ஏற்றிவிட்டு எண்ணெய் தடவினாள். உள்ளே கையைச் சுட்டுவிடும்போல அவ்வளவு வெப்பம். மார்கேசா ஒருதரம் முனகிவிட்டு அடங்கினாள்.

"மெதுவா. தள்ளாதீங்க, அதுவா விடும். கீழே எலும்பு தட்டுதா?"

"தட்டுது."

"அதைத் தாண்டுங்க. இப்ப கையைக் கீழே இறக்குங்க. இன்னும் கீழே. விரலைக் குவிச்சு லேசாத் தட்டிட்டுச் சும்மா இருங்க."

தட்டினேன். ஏதோ தண்ணீர்ப் பை மாதிரி அசைந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, கெட்டியாக, சின்னதாக, வந்து என் விரலில் முட்டிவிட்டு விலகிப்போனது. நான் கூப்பிட்டதற்கு என்ன என்று கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓமார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுகூடத் தோன்றவில்லை.

"சினை," என்றேன். "அடிப் பாவி, சினை!"

ஓமார் மார்கேசாவின் சேற்று முகத்தைக் கட்டிக்கொண்டார். யாமிலா தலையாட்டினாள். "தாள்ல தப்புக் கட்டத்துல போடுங்க. மூணு ஆச்சு," என்றாள்.

"இது தப்புல சேராது. நானே திருட்டுத்தனமாத்தானே மறுபடி விட்டேன்? ரெண்டாந்தரம் நீதானே கண்டுபிடிச்சே?"

"போடுங்க."

போட்டேன். மூன்று என்றால் இன்னும் தேர்ச்சிதான். மிச்சமிருந்த மாடுகள் எல்லாம் இளசு. அவள் கைக்கு எட்டும், கவலையில்லை. அப்படியே போயிருந்தால் சாயங்காலம் கையெழுத்துப் போட்டிருப்பேன், வில்மாரும் திங்கட்கிழமை முட்டையை அடித்திருப்பான். அவள் கை கழுவக்கூட இல்லை. லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேல ஏத்தினதுல ரெண்டு கிழடு இருக்கு," என்றாள். "அந்த ஒத்தைக் கண்ணு மாடு. அப்புறம் கொம்பு வளைஞ்சது. அதுங்களுக்கும் எனக்கு எட்டலை."

"விடு பொண்ணே, நாலாந்தப்பு ஆயிடும்," என்று என் வாயிலிருந்து வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. என் மாடு, என் கன்று, நான் விடு என்கிறேன்.

"சினையோட கசாப்புக்குப் போனா?"

"போகட்டும்."

"அடுத்த வருஷம் வேற யார் மாட்டுக்காவது நான் இப்படித்தான் சொல்லுவேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இறக்குங்கப்பா."

வில்மார் லாரிப் பலகைக்குக் குறுக்கே நின்றான். இந்த முறை அவன் கத்தவில்லை. மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னிடம் அவன் எதையோ கேட்டான், வாயால் இல்லை. ஒரு ஆயுள் முழுக்க யாருக்கும் எதுவும் நம்பிக் கொடுக்காத என்னிடம் வந்து கேட்கிறானே என்று இருந்தது. பிறகு விலகிப் பலகையைச் சாய்த்தான். ஒற்றைக் கண்ணி மொட்டை வாலை ஆட்டிக்கொண்டு, பின்னங்காலால் பலகையைத் தேடித் தேடி இறங்கினாள்.

கட்டைச் சந்தில் அவளை நிறுத்தினோம். யாமிலா பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, தனக்குப் போட்டுக்கொள்ளாமல் அதன் வாயை விரித்து எனக்காகப் பிடித்துக்கொண்டாள். நான் கையை நுழைத்தேன். காலையில் எழுதிய தாள் கம்பத்தில் கட்டியபடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஓமார் அதன் மேல் தன் தொப்பியை வைத்து அழுத்திக்கொண்டார்.

எலும்பு தட்டியது. தாண்டினேன். இறக்கினேன். இந்தத் தடவை அவள் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலைக் குவித்து லேசாகத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். பின்னால் வில்மார் என்னவோ முணுமுணுத்தான், ஜெபமாக இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம். அந்தப் பெண் என் தோளுக்கு இந்தப் பக்கம் வந்து, என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று முதன்முதலாக எனக்குப் பயமாக இருந்தது.

"சொல்லுங்க தோன்யா ஸுல்மா," என்றாள்.

கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றேன். உள்ளேயிருந்த கன்று இன்னொரு தரம் வந்து என் விரல் நுனியில் முட்டியது.